சிகிச்சை ஆய்வுகளும் திறனாய்வும்

ஒரு நூலைத் திறனாய்பவன் அந்நூல் கூறும் முடிபு தனக்கு உவப்பானதா என்பதை மட்டும் நோக்கி அமைதல் தகாது. அம்முடிபு எவ்வாறு நிறுவப்பட்டது, அதற்குக் காட்டிய சான்று போதுமானதா என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். இது நாம் வகுப்பறையிலே கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாகும். இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் தயங்காது கைக்கொள்ளும் இவ்வளவுகோலை மருத்துவத்துக்கும் கைக்கொள்ள முற்படுவோர் சிலரே. 'இம்மருந்து பயன் தருவதென ஆய்வு காட்டியுள்ளது' என்னும் ஒரு வாக்கியம் வெளிவந்தவுடன் அதனை வேதவாக்காகக் கொள்வாரும் உளர். 'ஆய்வுகள் யாவும் வணிகர் சூழ்ச்சி' என ஒரேயடியாகத் தள்ளிவிடுவாரும் உளர். ஆய்வைப் படித்துப் பாராதவர் என்னும் வகையில் இவ்விரு திறத்தாரும் ஒருவரே ஆவர். நோயாளர்மீது செய்யப்படும் சிகிச்சை ஆய்வொன்றை எவ்வாறு படித்தல் வேண்டும், அதன் தரத்தை எதனைக்கொண்டு அளத்தல் வேண்டும் என்பவற்றை அறிந்த சில ஆய்வுகளைக்கொண்டே விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஆய்வு எதற்காக வேண்டப்படுகின்றது என்பதை நோக்குவாம். மருந்து உண்டபின் நோய் நீங்கிற்று என்பதனால் மருந்தால் நோய் நீங்கிற்று என்பது பெறப்படாது. பல நோய்கள் தாமாகவே தணியும் இயல்பின. சிகிச்சை பெறுகின்றோம் என்னும் நம்பிக்கையே சிலர்க்கு வேதனையைக் குறைக்கும். அன்றியும், தேறக்கூடியவரெனத் தோன்றுவோர்க்கே புதிய மருந்தைக் கொடுக்கும் வைத்தியர், தம்மை அறியாமலே அம்மருந்துக்குப் பெருமை தேடிக் கொடுத்துவிடுவர். இம்மூன்று மயக்கங்களையும் நீக்கிப் பார்ப்பதே ஒப்பீட்டாய்வின் பணியாகும்.

இம்மயக்கம் எத்துணை ஆழமுடையது என்பதை ஒரு சத்திர சிகிச்சையின் வரலாறு காட்டும். இருதய வலியுற்றோர்க்கு மார்பின் உட்புறத்துள்ள இரு நாடிகளைக் கட்டிவிட்டால் இருதயத்துக்குக் குருதி மிகுதியாகச் செல்லும் என்னும் கருத்து 1939 இல் இத்தாலியிலே தோன்றியது. 1950களில் அச்சிகிச்சை அமெரிக்காவிலே பரவியது. நோயாளர் பலர் வலி நீங்கிற்று என்றனர். பின்னர் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு சிற்றாய்வுகளிலே, சிலர்க்கு நாடி கட்டப்பட்டது; வேறு சிலர்க்கு மார்பின் தோல் மட்டும் கீறித் தைக்கப்பட்டது. தமக்கு நிகழ்ந்தது யாதென நோயாளர் அறியார். ஈற்றில், நாடி கட்டப்பெற்றோரும் தோல் மட்டும் கீறப்பெற்றோரும் ஒரே அளவினதான சுகத்தைக் கூறினர். நோயாளர் பொய் கூறினாரல்லர், வைத்தியரும் வஞ்சகரல்லர். இருந்தும், நேர்மையான பலர் கூடிக் கண்ட ஒரு பயன் உண்மையில் இல்லாததாயிற்று. ஒப்பீடின்றிக் கூறப்படும் அனுபவச் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி, நற்றரமான ஓர் ஆய்வின் அமைப்பை நோக்குவாம். 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்ரெப்ரோமைசின் ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல்லெனக் கொள்ளப்படுவதாகும். சயரோகத்துக்கு அம்மருந்து புதிதாக வந்த காலம் அது. பிரித்தானியாவுக்குக் கிடைத்த மருந்தின் அளவோ மிகச் சிறிது. வேண்டிய அனைவர்க்கும் கொடுத்தல் இயலாதாயிற்று. இந்நிலையில், இரு நுரையீரல்களிலும் நோய் விரைந்து பரவிய இளவயதினர் 107 பேரைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை தெரிந்தது. அவருள் 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் அக்காலத்து வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேருள் நால்வர் இறந்தனர். மருந்து பெறாத 52 பேருள் பதினால்வர் இறந்தனர்.

இவ்வெண்களினும் மேலாகத் திறனாய்வாளன் கருத்திற்கொள்ள வேண்டியது, அவை பெறப்பட்ட முறையையாகும். எவர் மருந்து பெறுதல் வேண்டும் என்பதை எந்த வைத்தியரும் தீர்மானித்தாரல்லர். புள்ளிவிபரவியற் பேரறிஞரான ஒஸ்ரின் பிராட்போட் ஹில் எழுமாற்று எண்களைக்கொண்டு அதனை வகுத்தார். ஒதுக்கீடு ஒட்டிய உறைகளுள் வைக்கப்பட்டது. நோயாளர் ஒருவர் ஆய்வுக்கு உரியவரென ஏற்கப்பட்ட பின்னரே அவருக்குரிய உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ் கதிர்ப் படங்களைக் கதிர்ப்பட வல்லுநர் இருவரும் வைத்தியர் ஒருவரும் தனித்தனியே பார்வையிட்டனர்; எப்படம் எப்பிரிவினருடையது என்பது அவர்க்குத் தெரியாது. பொதுப் பரீட்சைகளிலே விடைத்தாளிற் பெயரெழுதாது சுட்டெண் மட்டும் எழுதச் செய்வதன் நோக்கம் யாதோ, அதுவே இதன் நோக்கமுமாகும். திருத்துபவர் நேர்மையற்றவர் என்பது அதன் பொருளன்று. நேர்மையாளர் கண்ணையும் விருப்பம் மறைக்கும் என்பதே அதன் பொருளாகும்.

உறையை ஒட்டுதல் அற்பக் காரியமெனச் சிலர் எண்ணுதல் கூடும். அடுத்து வருபவர் எப்பிரிவிற் சேர்வார் என்பதை முன்னரே அறிந்த வைத்தியர், நலிந்த நோயாளர் ஒருவரை மறுநாள் வருமாறு அனுப்பிவிடல் கூடும். அது இரக்கத்தாற் செய்யப்படினும் இரு பிரிவுகளின் சமநிலையைக் கெடுத்துவிடும். 1995 இல் கென்னத் சூல்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 250 ஆய்வுகளை ஒப்புநோக்கினர். ஒதுக்கீட்டை நன்கு மறைத்த ஆய்வுகளோடு ஒப்பிட, மறைவு போதாத ஆய்வுகள் சிகிச்சையின் பயனைச் சராசரியாக நூற்றுக்கு 41 வீதம் மிகைப்படுத்திக் காட்டின என்பது அவர் கணிப்பு. ஆதலின், 'நோயாளர் எழுமாறாகப் பிரிக்கப்பட்டனர்' என்னும் வாக்கியத்தைக் கண்டவுடன் அமைந்துவிடாது, 'எவ்வாறு? அடுத்த ஒதுக்கீட்டை அறிய எவர்க்கேனும் வழியிருந்ததா?' என வினாவுதல் படிப்பவனின் முதற் கடமையாகும்.

எனினும் புகழ்பெற்ற ஆய்வு என்பதனால் அதன் குறைகளைக் கூறாது விடுதல் முறையன்று. ஆறு மாதத்திலே தெரிந்த பெரும் பயன் ஐந்தாண்டு முடிவிலே பெரிதும் சுருங்கிவிட்டது: அக்காலத்துள் மருந்து பெற்ற 55 பேருள் 32 பேரும், பெறாத 52 பேருள் 35 பேரும் இறந்தனர். தனித்துக் கொடுக்கப்பட்ட மருந்தைக் கிருமிகள் எதிர்த்துநிற்கப் பழகிக்கொண்டமை இதற்குத் தலையாய காரணமாகும். இவ்வெதிர்ப்பு ஆய்வாளராலேயே 1948 இல் அறிவிக்கப்பட்டது. சயரோகத்துக்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும் என்னும் நெறி இதன் பின்னரே உருவாயிற்று. எனவே ஆய்வு பொய்யன்று. அது விடையளித்த வினா ஆறு மாதத்துக்குரியது. இன்னொரு குறை அறத்தின்பாற்பட்டது. ஓய்வு மட்டும் பெற்றோர்க்குத் தாம் ஓர் ஆய்வில் இடம்பெறுகின்றோம் என்பது அறிவிக்கப்படவில்லை. நோயாளரின் அறிந்த உடன்பாட்டை வலியுறுத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 இலேயே வந்தது என்பது காலநிலையை விளக்குமேயன்றிக் குறையை நீக்காது. முறை நேரியதாயிருத்தல் ஒன்று. நோயாளரை மதித்தல் மற்றொன்று. இரண்டையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.

அடுத்து, எது அளக்கப்பட்டது என்னும் வினா. மாரடைப்பிலிருந்து பிழைத்தோர் சிலரின் இருதயத்திலே இடையிடையே ஒழுங்கற்ற துடிப்புகள் தோன்றும். அத்தகையோர் திடீரென இறத்தல் மிகுதி என்பது அறியப்பட்டிருந்தது. ஆகவே அத்துடிப்புகளை அடக்கினால் மரணமும் குறையும் எனக் கருதி, என்கைனைட், பிளெக்கைனைட் முதலிய மருந்துகள் 1980களில் அமெரிக்காவிலே பரவலாகக் கொடுக்கப்பட்டன. அம்மருந்துகள் துடிப்பொழுங்கீனத்தை அடக்கின என்பதில் ஐயமில்லை. அவை உயிரைக் காத்தனவா என்பது 1987 இல் தொடங்கிய பேராய்வொன்றிலேயே சோதிக்கப்பட்டது. மருந்தினால் ஒழுங்கீனம் அடங்கியதென முன்னரே காணப்பட்டோர் மட்டுமே அவ்வாய்விற் சேர்க்கப்பட்டனர். அவருள் ஒரு பிரிவினர் மருந்தையும் மறுபிரிவினர் மருந்தில்லாப் போலிக் குளிசையையும் பெற்றனர். 1989 இல் மருந்துப் பிரிவு இடைநடுவே நிறுத்தப்பட்டது. 1991 இல் வெளிவந்த முழு அறிக்கையின்படி, மருந்துண்ட 755 பேருள் 63 பேரும், போலிக் குளிசையுண்ட 743 பேருள் 26 பேரும் சராசரி பத்து மாதங்களுள் இறந்தனர். அளவுகருவியிலே நன்மை தெரிந்துகொண்டிருக்க, நோயாளர் இறந்துகொண்டிருந்தனர். துடிப்பை எண்ணிய ஆய்வுகள் தம் கணக்கிற் பிழை செய்தனவல்ல. எண்ண வேண்டியதை விடுத்து எண்ண எளியதை எண்ணின. இரத்த அழுத்தம், இரத்தத்துச் சீனி, படத்தில் தெரியும் கட்டி என்பன போன்ற அளவுகளிலே முன்னேற்றம் காட்டும் எந்த ஆய்வைப் படிக்கும்போதும், 'இதனால் நோயாளர் நெடிது வாழ்ந்தாரா? நலமாக வாழ்ந்தாரா?' என்னும் வினாவைக் கைவிடலாகாது.

இதுவரை கூறிய வினாக்களைக்கொண்டு, நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஓர் ஆய்வைத் திறனாய்தல் பயன் தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடி 1956 இல் சென்னையிலே சயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தை நிறுவின. சயரோகத்தர் வைத்தியசாலையிலே தங்கி நல்லுணவும் ஓய்வும் தூய காற்றும் பெறுதல் இன்றியமையாதது என்பது அக்காலத்து நம்பிக்கை. நோயாளரின் தொகையோ வைத்தியசாலைப் படுக்கைகளின் தொகையினும் பன்மடங்காயிருந்தது. படுக்கை கிடையாதார்க்கு வழி யாது என்பதே அந்நிலையத்தின் முன் நின்ற வினா. சென்னையின் வறிய, நெருக்கமான குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளர் எழுமாறாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சனற்றோரியத்திலும் மறுபிரிவினர் தம் வீட்டிலும் ஓராண்டு அதே இரு மருந்துகளைப் பெற்றனர். 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிபு வெளியாயிற்று. ஆண்டு முடிவிலே நோய்க்கிருமி அடங்கிய நிலையெய்தியோர் சனற்றோரியத்தில் நூற்றுக்கு 92 வீதத்தினர். வீட்டில் 86 வீதத்தினர். வீட்டிலிருந்தோரின் உணவும் ஓய்வும் மிகக் குறைந்தனவாயிருந்தும் இம்முடிபு கிடைத்தது. பின்தொடர்ந்து நோக்கிய ஐந்தாண்டுகளிலே, வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தவர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றியதாகவும் காணப்படவில்லை. சனற்றோரியங்களையே நம்பியிருந்த உலகத்தின் சயரோகக் கொள்கையை மாற்றிய ஆய்வுகளுள் இது முதன்மையானது.

இவ்வாய்வின் தரம் யாது? தாம் வீட்டில் இருக்கின்றாரா சனற்றோரியத்தில் இருக்கின்றாரா என்பதை நோயாளரிடமிருந்து மறைத்தல் எவ்வாற்றானும் இயலாது. ஆகவே மறைப்பின்மை இங்குக் குற்றமாகாது. அக்குறை முடிபை எத்துணை பாதித்திருக்கும் என்பதே கேள்வி. 'சுகமாயிருக்கின்றதா?' என வினாவி அளந்திருப்பின் பெரிதும் பாதித்திருக்கும். ஆனால் இங்கு முதன்மையாக அளக்கப்பட்டது சளியிலுள்ள கிருமி வளர்ப்புச் சோதனையிலே வளர்கின்றதா என்பதாகும். அது நோயாளரின் விருப்பத்துக்கோ வைத்தியரின் விருப்பத்துக்கோ எளிதில் வளைவதன்று. பிரிப்பு எழுமாறானது, தொடர்ந்து நோக்கிய காலம் நீண்டது, வினாவோ மக்களின் உண்மைத் தேவையிலிருந்து பிறந்தது. இவை இதன் சிறப்புகளாம்.

குறைகளும் உள. 92க்கும் 86க்கும் இடையேயுள்ள வேறுபாடு இருநூற்றுக்கும் குறைந்த தொகையிலே தற்செயலாக நேரக்கூடியதே. ஆயினும், உண்மை வேறுபாடு பத்து வீதத்தினும் மிகுந்திருத்தல் இயலாது எனவும் இத்தொகையைக்கொண்டு கூறல் இயலாது. வேறுபாடு காணப்படவில்லை என்பது வேறு. வேறுபாடு இல்லை என்பது வேறு. இரண்டாவதாக, வீட்டிலிருந்தோர் வெறுமனே மருந்தோடு விடப்பட்டாரல்லர். அவர் ஒழுங்காக நிலையத்துக்கு வந்து மருந்து பெற்றனர். அவர் மருந்துண்டமை சிறுநீர்ச் சோதனையாலும் வீடு சென்று பார்ப்பதாலும் கண்காணிக்கப்பட்டது. அத்தகைய கண்காணிப்பு இல்லாத இடத்தில் இம்முடிபை அவ்வாறே எடுத்தாளுதல் தவறாகும். வீட்டுச் சிகிச்சை போதும் என்று மட்டும் கூறி ஆய்வின் பாதியை எடுத்துக்கொண்டு, கண்காணிப்பாகிய மறுபாதியை மறக்கும் ஆட்சியாளர் அவ்வாய்வை மேற்கோள் காட்டும் தகுதியை இழந்தவராவர்.

இவ்வாறு நிறையுங் குறையும் நாடி எழுதுவதற்குப் பொறுமை வேண்டும். அதனாற்போலும், ஆய்வுகளுக்குப் புள்ளி வழங்கும் முறைகள் பல தோன்றின. அவற்றுட் பெரிதும் பயிலப்படுவது 1996 இல் ஜடாட் முதலியோர் வகுத்த அளவையாகும். எழுமாற்றுப் பிரிப்புக்கு இரண்டு, இருபாலும் மறைத்தலுக்கு இரண்டு, இடையில் விலகினோரைக் கணக்குக் காட்டுதலுக்கு ஒன்று என அதன் மொத்தப் புள்ளி ஐந்து. இதனைக்கொண்டு சென்னை ஆய்வை அளப்பின் அது மூன்றுக்கு மேற்பெறாது. பிரித்தானிய ஆய்வின் நிலையும் அதுவே. துடிப்பொழுங்கீனத்தை அடக்கிய மருந்தைப் போலிக் குளிசையோடு ஒப்பிட்டுத் துடிப்பை மட்டும் எண்ணிய ஓர் ஆய்வோ ஐந்துக்கு ஐந்தும் பெற்றுவிடக்கூடும். எந்த ஆய்வை நம்பினால் நோயாளர் பிழைப்பர், எதனை நம்பினால் இறப்பர் என்பதை இப்புள்ளிகள் கூறா. உறையை ஒட்டினார்களா என்பதற்கு இவ்வளவையிலே தனிப் புள்ளியும் இல்லை.

இது எமது தனிக்கருத்தன்று. 1999 இல் சுவிற்சர்லாந்து அறிஞரான பீற்றர் யூனி முதலியோர், இரத்தம் உறைதலைத் தடுக்கும் இரு மருந்துகளை ஒப்பிட்ட 17 ஆய்வுகளை எடுத்து, அவற்றுக்கு 25 வேறு அளவைகளால் புள்ளியிட்டனர். சில அளவைகளின்படி உயர்தர ஆய்வுகள் புதிய மருந்தே சிறந்தது என்றன. வேறு சில அளவைகளின்படி உயர்தர ஆய்வுகள் இரண்டும் ஒத்தவை என்றன. தாழ்தர ஆய்வுகளே புதிய மருந்தைப் புகழ்ந்தன. ஆய்வுகள் மாறவில்லை, திருத்துபவரின் அளவுகோல் மட்டுமே மாறியது. கொக்றேன் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டல் மொத்தப் புள்ளியை விலக்கியது. பக்கச்சார்பு புகக்கூடிய வாயில்களைத் தனித்தனியே நோக்கி, ஒவ்வொன்றுக்கும் காரணங்காட்டித் தீர்ப்பெழுதுமாறு அது பணித்தது. கட்டுரை விடைகளைத் திருத்திப் பழகிய ஆசிரியர் இதன் நியாயத்தை எளிதில் உணர்வர். அறுபது புள்ளி பெற்ற இரு விடைத்தாள்கள் ஒரே தரத்தின என்பது எண்ணின் கூற்று. படித்தவரின் கூற்று வேறாகவும் இருத்தல் கூடும்.

இறுதியாக, கண்முன் இல்லாத ஆய்வுகளைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். மனச்சோர்வுக்குரிய 12 மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திற் பதிவான 74 ஆய்வுகளை 2008 இல் எரிக் ரேணர் முதலியோர் தேடிப் பார்த்தனர். மருந்துக்குச் சாதகமெனக் கட்டுப்பாட்டு நிறுவனம் கண்ட 38 ஆய்வுகளுள் 37 இதழ்களில் வெளிவந்தன. சாதகமற்றனவும் ஐயத்துக்குரியனவுமான 36 ஆய்வுகளுள் 22 வெளிவரவேயில்லை. 11 சாதகமானவைபோலத் தோன்றுமாறு வெளிவந்தன. மூன்று மட்டுமே உள்ளது உள்ளபடி வெளிவந்தன. இதழ்களை மட்டும் படித்த வைத்தியர் எத்துணை கூர்மதி படைத்தவராயினும் ஏமாந்திருப்பர். ஆய்வு தொடங்குமுன்னரே அதன் வினாவையும் அளக்கப்போவதையும் பொதுப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும் என முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் விதித்தமைக்கு இத்தகைய மறைப்பே காரணம். நம் நாட்டிலும் இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல் அத்தகைய பதிவேடொன்றை நிறுவியுள்ளது. அறிக்கையைப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தல் இன்று எவர்க்கும் இயல்வதாகும். முன்னர் அளப்பதாகக் கூறியது ஒன்று, பின்னர் பெருமையாக அறிவித்தது வேறொன்று எனின் ஐயுறுதல் தகும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், ஓர் ஆய்வின் தரம் அதன் முடிபிலும் இல்லை, அதனைச் செய்தார் புகழிலும் இல்லை, ஓர் எண்ணிலும் இல்லை என்பதாம். யாருடன் யாரை ஒப்பிட்டனர், பிரித்தவர் யார், அளந்தவர்க்கு யாது தெரிந்திருந்தது, அளந்தது நோயாளர்க்கு முக்கியமானதா, எத்தனை காலம் பின்தொடர்ந்தனர், விலகினோர் என்னாயினர், வெளியிடப்படாதது யாது என்னும் வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக வினாவுதலே அதனை அறியும் வழி. இவற்றை வினாவ மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை; எழுத்தறிவும் பொறுமையும் போதும். நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருட் சிலர் வைத்தியராவர். ஏனையோர் அனைவரும் ஒரு நாள் தமக்காகவோ பெற்றோர்க்காகவோ பிள்ளைக்காகவோ வைத்தியர்முன் அமர்பவராவர். அவ்வேளையில், 'இது பயன் தரும் என்பது எவ்வாறு அறியப்பட்டது, ஐயா?' எனப் பணிவோடு வினாவுதல் வைத்தியரை அவமதிப்பதாகாது. அவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டுத் தம் உடலையே ஆய்வுக்கு அளித்த பிரித்தானிய இளைஞர்க்கும் சென்னை ஏழையர்க்கும் நாம் செலுத்தும் மரியாதையும் அதுவேயாகும்.